கடைசிப் பக்கத்து இந்தியா

விக்டோரியா அரசியார் ஆண்ட 1837 முதல் 1901 வரையுள்ள காலத்து ஆங்கில நாவல்களில் நம் முன்னோர் நாடு எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் பெரும்பாலும் அது ஓர் ஓரத்தில்தான் இருக்கிறது. பணம் சேர்க்கக் கல்கத்தாவுக்குப் போகும் மகன், ஈரல் கெட்டுத் திரும்பி வரும் கலெக்டர், ஒரு காசுமீரச் சால்வை, அவ்வளவே. ஆனால், புகழ்பெற்ற இரண்டு நாவல்களில் இந்தியா கடைசிப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கதையெல்லாம் இங்கிலாந்தில் நடந்து, காதலர்கள் மணம் முடித்து, எல்லாம் ஓய்ந்த பிறகு, ஆசிரியர் நம் கண்ணை இந்தியாவின் பக்கம் திருப்பி நூலை முடிக்கிறார். இரண்டிலும் அங்கே நமக்குக் காட்டப்படுவது சமயம்.

முதல் நூல், சார்லட் பிராண்டி 1847இல் வெளியிட்ட ‘ஜேன் அயர்’. இரண்டாவது, வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய ‘மூன்ஸ்டோன்’. நம் மொழியில் சந்திரகாந்தக் கல் என்று சொல்லலாம். (நம் புலவர்கள் சொல்லும் சந்திரகாந்தம் நிலவொளியில் நீர் கசியும் கல். காலின்சின் கல்லோ மஞ்சள் நிற வைரம். பெயர்தான் ஒன்று.) முதல் நூலின் முடிவில் ஆன்மாக்களை வெல்ல ஒரு கிறிஸ்தவர் இந்தியாவுக்குப் போகிறார். இரண்டாவதன் முடிவில் களவுபோன கடவுளின் மணியை மீட்டுக்கொண்டு மூன்று பிராமணர்கள் இந்தியாவுக்குத் திரும்புகிறார்கள். இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. சென்ற பள்ளி விடுமுறையில் இளம் ஆசிரியை ஒருவர் ‘ஜேன் அயர்’ நூலைக் கையில் வைத்துக்கொண்டு, “ஐயா, நம் தெய்வத்தைப் பழிக்கிற புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?” என்று கேட்டார். “அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள், அம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது சோம்பேறியின் விடை என்பது அன்றிரவே எனக்குப் புரிந்துவிட்டது. எல்லாரும் அப்படி எழுதவில்லை. எழுதியவர்களும் ஒரே மாதிரி எழுதவில்லை.

அந்த ஆசிரியையை உறுத்திய இடம் எதுவென்று நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும். லோவுட் என்னும் அநாதைப் பள்ளியில் பிராக்கிள்ஹர்ஸ்ட் என்ற நிருவாகி, பத்து வயதுச் சிறுமி ஜேனை முக்காலியின்மேல் நிற்கவைத்து, எல்லார் முன்னிலையிலும் பொய்க்காரி என்று தூற்றுகிறார். பிரமனைத் தொழுது ஜகந்நாதர்முன் மண்டியிடும் அஞ்ஞானிக் குழந்தைகளைவிட இவள் கேடுகெட்டவள் என்பது அவர் வசை. நான் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது படித்த சுருக்கப் பதிப்பில் இந்த வரி இல்லை. முழு நூலைப் படித்தபோதுதான் கண்டேன். கண்டபோது சினம் வந்தது உண்மை. ஆனால், பிராக்கிள்ஹர்ஸ்ட் யார்? பிள்ளைகளின் வயிற்றில் அடித்துத் தன் வீட்டுப் பெண்களுக்குப் பட்டும் மயிர்த்தோல் ஆடையும் வாங்கிக் கொடுப்பவர். ஆசிரியையே அவரை வெறுத்துத்தான் படைத்திருக்கிறார். அவர் வாயில் வைத்த சொல்லை ஆசிரியையின் சொல் என்று நாம் எடுத்துக்கொள்வது, கைகேயியின் சொல்லைக் கம்பர் தலையில் சுமத்துவது போலாகும்.

அந்த வரி போகட்டும். நூலின் உண்மையான குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. அங்கே யாரும் யாரையும் வசைபாடவில்லை. எல்லாரும் நல்லவர்கள். அதனாலேயே அது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

ராச்சஸ்டரின் மாளிகையைவிட்டு ஓடிவந்த ஜேனுக்கு அடைக்கலம் கொடுப்பவர் செயிண்ட் ஜான் ரிவர்ஸ் என்ற இளம் பாதிரியார். ரோசமண்ட் ஆலிவர் என்னும் அழகியின்மேல் கொண்ட காதலைத் தம் ஊழியத்துக்காக நெஞ்சிலேயே நசுக்கிக் கொன்றவர். ஜேனுக்கு இந்துஸ்தானி மொழி கற்பிக்கிறார். தம்மை மணந்து இந்தியாவுக்கு வரவேண்டும், அங்கே பள்ளிகளை நடத்தவும் பெண்களிடையே பணிசெய்யவும் துணையாக இருக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறார். தங்கையாக வருகிறேன், மனைவியாக வரமாட்டேன் என்கிறாள் ஜேன். அவர் ஒப்பவில்லை. அவர் மட்டும் போகிறார். நூலின் கடைசிப் பத்திகளில், சமயத்தையும் சாதியையும் பற்றிய தப்பெண்ணங்களை வெட்டிச் சாய்க்கும் வீரராக ஜேன் அவரைப் புகழ்கிறாள். அவர் இறக்கும் நாளை எதிர்நோக்கி எழுதிய கடிதத்தோடு கதை முடிகிறது.

இப்பாத்திரம் வெறுங் கற்பனை அன்று. 1806இல் கம்பெனியின் குருவாக இந்தியா வந்து, புதிய ஏற்பாட்டை இந்துஸ்தானியில் பெயர்த்து, 1812இல் துருக்கி நாட்டுத் தோக்காத் நகரில் மாண்ட ஹென்றி மார்ட்டின் இதற்கு மூலம் என்பது பலர் கருத்து. சார்லட்டின் தந்தை பேட்ரிக் பிராண்டி கேம்பிரிட்ஜில் ஏழை மாணவராய் இருந்தபோது அவருக்குப் பொருளுதவி கேட்டு வில்பர்போர்சுக்கு எழுதியவர் இந்த மார்ட்டினே. மிஷனரிகளுக்கு இந்தியாவைத் திறந்துவிட்ட 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்துக்கு முன்னின்று பாடுபட்டவரும் அதே வில்பர்போர்ஸ்தான். ஆகவே, இந்தியா பிராண்டி வீட்டுக்குத் தொலைதூர நாடன்று. அடுப்பங்கரைப் பேச்சில் இருந்திருக்கக்கூடிய நாடு.

அப்படியிருந்தும் செயிண்ட் ஜானின் இந்தியாவில் ஓர் இந்தியர்கூட இல்லை. ஒரு முகம் இல்லை, ஒரு பெயர் இல்லை. இருப்பவை வெயில், சாவு, அறியாமை இவை மட்டுமே.

இதை அதே நூலிலுள்ள இன்னொரு பள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆசிரிய நண்பர்கள் இப்பகுதியை அவசியம் படிக்கவேண்டும். இந்தியாவுக்கு அழைக்குமுன், மார்ட்டன் என்னும் சிற்றூரில் ஏழைப் பெண்களுக்கான பள்ளியொன்றை ஜேனிடம் ஒப்படைக்கிறார் செயிண்ட் ஜான். இருபது பிள்ளைகள். படிக்கத் தெரிந்தவர் மூவர். எழுதத் தெரிந்தவர் எவருமில்லை. முதல் நாள் மாலை ஜேனுக்குத் தன் நிலை தாழ்ந்துவிட்டது போன்ற கூச்சம் வருகிறது. அதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறாள். இந்த முரட்டுத்துணிப் பிள்ளைகளின் சதையும் குருதியும் உயர்குடிப் பிள்ளைகளின் சதைக்கும் குருதிக்கும் குறைந்தவையல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். சில வாரங்களில் அவர்களிடம் கூர்மையும் நல்லியல்பும் காண்கிறாள். பள்ளியைவிட்டுப் பிரியும்போது வருந்துகிறாள். தோட்டத்துப் பள்ளியில் முதல் வேலையாக நியமனம் பெற்று, சேறு படிந்த கால்களோடு வரிசையில் நின்ற பிள்ளைகளைக் கண்டு மனம் சுருங்கி, பிறகு அதற்காக நாணியவன் நான். அப்பக்கங்களைப் படித்தபோது, ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம் கடந்து இந்த அம்மையார் என் நெஞ்சைத் திறந்து பார்த்துவிட்டாரே என்று தோன்றியது.

ஜேனின் தப்பெண்ணம் உடைந்தது எதனால்? பிள்ளைகளைக் கண்ணால் கண்டதனால். இந்தியப் பிள்ளைகளை அவள் காணவே இல்லை. ஆகவே, அவர்களைப் பற்றிய எண்ணம் சோதிக்கப்படாமலே கடைசிப் பக்கம் வரை வந்து, அங்கே புகழுரையாக மாறிவிடுகிறது. (மார்ட்டன் பிள்ளைகள் விஷயத்திலும் அவள் முழுதாகத் திருந்திவிடவில்லை. ஐரோப்பிய உழவர் பெண்களெல்லாரும் ஆங்கில உழவர் பெண்களுக்குக் கீழ்தான் என்று ஒரு போடு போட்டுவிட்டுத்தான் பள்ளியை விடுகிறாள்!)

காயத்ரி ஸ்பிவாக் 1985இல் எழுதிய கட்டுரையில், ஜேன் என்னும் ஆங்கிலப் பெண் தன்னுரிமை பெற்று நிமிர்வதற்காக, ஜமைக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பெர்த்தா என்னும் முதல் மனைவி மனிதத் தன்மை பறிக்கப்பட்டு எரிந்து சாகவேண்டியிருக்கிறது என்று காட்டினார். அதற்கு முன்பே 1966இல் ஜீன் ரீஸ் அந்தப் பெர்த்தாவுக்காக ஒரு தனி நாவலே எழுதிவிட்டார். இக்கருத்தை நான் ஏற்கிறேன். ஆனால், அதைப் படித்த நம் இளைஞர் சிலர் நூலையே தூக்கி எறியலாம் என்கிறார்களே, அதை ஏற்பதற்கில்லை. தன் காலத்துக் குருமாரைத் துணிந்து எதிர்த்த இந்தப் பெண்ணின் குரல், ராச்சஸ்டர் செத்தால் தானும் சாகமாட்டேன், உடன்கட்டை ஏறுவதாக இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லும் குரல், எளிதில் கிடைக்கும் குரல் அன்று. அவள் தன் விடுதலையைப் பேசுவதற்கும் நம் நாட்டு வழக்கத்தைத்தான் உவமையாக எடுத்துக்கொள்கிறாள் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

இனிக் காலின்ஸ்.

‘மூன்ஸ்டோன்’ 1868 ஜனவரி முதல் ஆகஸ்டு வரை டிக்கன்சின் வார இதழில் தொடராக வந்தது. துப்பறியும் கதை என்றே நம்மவர் பலர் இதை அறிவர். தொடக்கம் 1799 மே 4ஆம் நாள். ஸ்ரீரங்கப்பட்டினக் கோட்டை விழுகிறது. திப்பு சுல்தானின் குத்துவாளில் பதிக்கப்பட்டிருந்த வைரத்தை, அதைக் காத்துநின்றவர்களைக் கொன்று, ஹெர்ன்கேசில் என்ற ஆங்கில அதிகாரி கவர்ந்துகொள்கிறான். அது சோமநாதபுரத்துத் தெய்வத்தின் நெற்றியில் இருந்த மணி என்றும், மூன்று பிராமணர்கள் தலைமுறை தலைமுறையாக வேடமிட்டு அதைப் பின்தொடர்கிறார்கள் என்றும் கதை. 1848இல் அது ரேச்சல் வெரிண்டர் என்ற பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வருகிறது. அன்றிரவே மறைந்துவிடுகிறது. பழி அந்த இந்தியர்மேல் விழுகிறது. எடுத்துச்சென்று அடகுக்கு வைத்தவரோ, மாதர் தருமச் சங்கங்களின் மேடையெல்லாம் ஏறி நாவினிக்கப் பேசும் காட்பிரே ஏபிள்வைட்.

சமயத்தைப் பற்றிக் காலின்ஸ் செய்யும் கேலியில்தான் இந்நூலின் உயிர் இருக்கிறது. வேலைக்காரப் பெரியவர் பெட்டரெட்ஜுக்கு வேதம் 1719இல் வந்த ‘ராபின்சன் குரூசோ’. குழப்பம் வந்தால் அதைத் திறந்து குறி பார்ப்பார். தனித்தீவில் குடியேறி, வெள்ளிக்கிழமை என்று ஒருவனுக்குப் பெயரிட்டு, அவனைக் கிறிஸ்தவனாக்கிய ஆங்கிலேயனின் கதையே ஓர் ஆங்கிலேயனுக்கு வேதமாக இருப்பது வெறும் வேடிக்கைதானா? அடுத்து மிஸ் கிளாக். நோயாளியின் வீட்டில் சோபாவிலும் பூந்தொட்டிகளிலும் பறவைக் கூண்டுக்கருகிலும் ஞானத் துண்டுப்பிரசுரங்களை ஒளித்துவைத்துவிட்டு வரும் அம்மையார். இவரும் காட்பிரேயும் அங்கம் வகிக்கும் சங்கமொன்று, குடிகாரத் தகப்பன்மார் அடகுவைத்த கால்சட்டைகளை மீட்டு மகன்மாருக்கு ஏற்பக் குட்டையாகத் தைத்துக் கொடுக்கிறது. கால்சட்டைகளை மீட்கும் அந்தச் சங்கத்தின் தலைமகன்தான் கடவுளின் மணியை அடகுக்கடையில் கொண்டுபோய் வைக்கிறான்!

கடைசியில் அவன் சாவைப் பாருங்கள். மணியை மீட்டு ஆம்ஸ்டர்டாமில் துண்டுதுண்டாக வெட்டி விற்கப் புறப்பட்டவன், முகத்தில் கறுப்பு மை பூசி மாலுமி வேடத்தில் ஒரு மட்டமான விடுதியில் தங்குகிறான். அங்கே கொல்லப்படுகிறான். மையைத் துடைத்தபோது வெள்ளைத் தோல் வெளிப்படுகிறது. ஏபிள்வைட் என்ற அவன் பெயரிலேயே வெள்ளை இருக்கிறது. கொன்றவர்களைக் காலின்ஸ் தூக்குமேடைக்கு அனுப்பவில்லை. மணியோடு ஊர்போய்ச் சேரவிடுகிறார். சிப்பாய்க் கிளர்ச்சி நடந்து பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கிளர்ச்சியின்போது டிக்கன்ஸ், தாம் இந்தியப் படைத்தலைவராக இருந்தால் அந்த இனத்தையே ஒழிக்கப் பாடுபடுவேன் என்னும் கருத்தில் 1857இல் ஒரு கடிதம் எழுதினார். ஏழைகளுக்காகக் கண்ணீர் வடித்த அதே டிக்கன்ஸ்தான். அவருடைய இதழில் காலின்ஸ் 1858இல் எழுதிய கட்டுரையோ, சிப்பாய்களுக்கு அறம் புகட்ட வேண்டுமானால் அவர்கள் நாட்டு நீதிக்கதையையே எடுத்துச் சொல்லலாம் என்றது. சொல்பவர் ஆங்கிலேயர், கேட்பவர் சிப்பாய் என்ற ஏற்பாடு அதிலும் மாறவில்லைதான். ஆனாலும், அந்த ஆண்டில் அப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும்.

ஆகவே காலின்ஸ் நம் பக்கத்து மனிதர் என்று கொண்டாடிவிடலாமா? பொறுங்கள்.

முதலாவது, அவர் கண்ட சோமநாதம் நம் சோமநாதம் அன்று. அவர் நூலில் அது சந்திரனுக்குரிய கோயில். நான்கு கைகளுடைய சந்திர தேவன் அங்கே வீற்றிருக்கிறான். விஷ்ணு கனவில் தோன்றிக் காவலுக்குக் கட்டளையிடுகிறார். சோமநாதர் என்றால் சோமனுக்கு நாதர், சந்திரன் வழிபட்ட சிவபெருமான் என்பது நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கடைசிக் காட்சியில் 1850ஆம் ஆண்டு அங்கே மாபெரும் கூட்டம் திரண்டு விழா எடுக்கிறது. உண்மையில் அக்காலத்தில் பழைய கோயில் இடிந்து கிடந்தது. 1783இல் அகல்யாபாய் அருகில் கட்டிய சிறு கோயிலில்தான் வழிபாடு. பெருங்கோயில் மறுபடி எழுந்து 1951இல்தான் பிரதிஷ்டை ஆயிற்று. ஆயினும் சோமநாதம் என்ற பெயர் ஆங்கிலேயருக்கு நன்றாகத் தெரியும். 1842இல் எல்லன்பரோ பிரபு, கஜினி முகம்மது கொண்டுபோன சோமநாதர் கோயில் கதவுகளை மீட்டுவிட்டேன் என்று முழக்கமிட்டு ஆப்கானிஸ்தானத்திலிருந்து இரண்டு கதவுகளைக் கொண்டுவந்தார். அவை சோமநாதர் கோயிற் கதவுகளே அல்ல என்று தெரிந்து, ஆக்ரா கோட்டையில் போடப்பட்டன. ஓர் ஆங்கிலப் பிரபு இந்துக் கோயிலுக்குச் சேவை செய்வதா என்று மக்காலே பாராளுமன்றத்தில் சீறினார். வெள்ளைப் பிரபு மீட்டுத் தந்ததாகச் சொன்னது போலிக் கதவு. காலின்சோ மீட்கும் பணியைப் பிராமணர்களிடமே விட்டார்.

இரண்டாவது, ஹெர்ன்கேசிலை அவர் தனியொரு கயவனாக்கியது. கொள்ளையடிப்பவன் தூக்கிலிடப்படுவான் என்று படைத்தலைவர் அறிவிப்பதை அவர் எழுதுகிறார். ஆனால், ஸ்ரீரங்கப்பட்டினத்துக் கருவூலம் முறைப்படி கணக்கிடப்பட்டு, தளபதி முதல் சிப்பாய் வரை பங்கு பிரிக்கப்பட்டது என்பது வரலாறு. ஒருவன் இருட்டில் எடுத்தால் திருட்டு, படையே பகலில் எடுத்தால் வெற்றிப் பரிசு. அந்தப் பகற்கொள்ளையைப் பற்றி நூல் வாய்திறக்கவில்லை.

மூன்றாவதே பெரிது. கதையைப் பலர் மாறிமாறி எழுதுகிறார்கள். வேலைக்காரர் எழுதுகிறார், மிஸ் கிளாக் எழுதுகிறார், வழக்கறிஞர் எழுதுகிறார், துப்பறிவாளர் எழுதுகிறார். குடியேற்ற நாடொன்றில் பிறந்து, கலப்புக் குருதியின் பழியைச் சுமக்கும் எஸ்ரா ஜென்னிங்ஸ் என்ற மருத்துவ உதவியாளரின் நாட்குறிப்புக்கும் இடம் உண்டு. (அபினியின் மயக்கத்தில் மணியை இருந்த இடத்திலிருந்து எடுத்தது கதைத்தலைவனே என்று நிரூபிப்பவர் அவர்தான். தான் எடுத்ததையே அறியாத அத்தலைவன் இங்கிலாந்துக்கு உருவகம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.) மணிக்கு உரியவர்களான அம்மூவருக்கு மட்டும் ஒரு பக்கமும் இல்லை. அவர்களுள் தலைவர் ஒருமுறை வழக்கறிஞர் பிரபைப் பார்க்க வருகிறார். நல்ல ஆங்கிலத்தில், மிகுந்த பணிவோடு ஒரே ஒரு செய்தி கேட்கிறார்: கடனைத் திருப்பிக் கொடுக்க இந்நாட்டில் வழக்கமாக எத்தனை காலம் தவணை? ஓராண்டு என்கிறார் வழக்கறிஞர். நன்றி சொல்லிப் போய்விடுகிறார். அடகிலிருக்கும் மணி என்றைக்கு வெளியே வரும் என்பதுதான் கேள்வியின் உட்பொருள். எனக்கு நூலில் மிகப் பிடித்த இடம் அது. தம் தெய்வத்தின் உடைமை வட்டிக்கடையில் கிடக்க, அதைப் பறித்தவர்களின் சட்டம் என்ன சொல்கிறது என்று பண்போடு விசாரித்துத் தெரிந்துகொண்டு, அந்நாள் வரை பொறுத்திருக்கிறார் அவர். ஓராண்டுக் காத்திருப்பில் அந்த மூவரும் என்ன பேசினார்கள், எங்கே உறங்கினார்கள், என்ன உண்டார்கள்? காலின்ஸ் சொல்லவில்லை. சொல்ல அவருக்குத் தெரியாது.

கடைசிக் காட்சியைக் காண்பதும் அவர்களல்லர், மர்த்வெயிட் என்ற ஆங்கிலப் பயணி. அவர் ‘இந்து பௌத்தர்’ என்று சொல்லிக்கொண்டு கூட்டத்தில் நுழைகிறாராம். அப்படி ஒரு சமயத்தாரை நம்மில் யாரும் கண்டதில்லை! கடல் கடந்ததாலும் வேடமிட்டதாலும் சாதியிழந்த மூவரும், தம் குற்றத்துக்குக் கழுவாயாக, இனி ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்று தழுவிக்கொண்டு, மூன்று திசையில் யாத்திரையாய்ப் பிரிகிறார்கள். வெண்ணுடை உடுத்த மக்கள் ஓசையின்றி விலகி வழிவிடுகிறார்கள். கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அந்தத் தண்டனை மிகையாகத் தோன்றும். ஆயினும் செயிண்ட் ஜானின் துறவை வியந்தவர்கள் இந்தத் துறவையும் அளந்து பார்க்கட்டும். அவர் காதலைத் துறந்தார். இவர்கள் பிறப்பையே துறந்தார்கள். அவருக்கு ஜேனின் புகழுரை கிடைத்தது. இவர்களுக்குப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. எழுத்தாற்றலில் பிராண்டி எட்டாத உயரத்தில் நிற்கிறார். காலின்ஸ் நல்ல கதைசொல்லி, அவ்வளவுதான். ஆனால், பிறர் கடவுளும் கடவுளே என்று நினைத்துப் பார்த்தவர் காலின்ஸ்.

காலின்ஸ் தம் முன்னுரையில் இரண்டு வைரங்களைக் குறிப்பிடுகிறார். ஒன்று ரஷ்யச் செங்கோலில் உள்ளது. அதை நம் திருவரங்கத்துப் பெருமாளின் கண்ணிலிருந்து ஒரு பிரெஞ்சுப் படைவீரன் பெயர்த்தான் என்பது கர்ணபரம்பரைக் கதை. மற்றொன்று கோகினூர். கதை நடக்கும் ஆண்டுகளை ஆசிரியர் சும்மா தேர்ந்தெடுத்திருக்கமாட்டார். 1849 ஜூனில் பிராமணர்கள் கையில் மணி சேர்கிறது. அதே 1849இல் பஞ்சாபைக் கைப்பற்றிய கம்பெனி, பத்து வயதுச் சிறுவன் மகாராஜா துலீப்சிங்கிடம் கையொப்பம் வாங்கிக் கோகினூரை எடுத்துக்கொண்டது. 1850இல் கதையின் மணி சோமநாதபுரம் போய்ச் சேருகிறது. 1850 ஜூலையில் கோகினூர் விக்டோரியா அரசியாரிடம் போய்ச் சேர்ந்தது. கதையில் ஆம்ஸ்டர்டாம் பட்டறைக்குப் போகாமல் மணி தப்பிவிடுகிறது. கோகினூரை 1852இல் டச்சுக்காரத் தொழிலாளிகளே லண்டனுக்கு வந்து பட்டை தீட்டினார்கள். ஏறக்குறைய 186 காரட்டாக இருந்தது 106 காரட்டாயிற்று.

துலீப்சிங் 1853இல் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்று, அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அரண்மனையில் அவருடைய ஓவியம் தீட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, அரசியார் அந்த வைரத்தைத் தருவித்து அவர் கையில் கொடுத்ததாக, அவரை வளர்த்த லோகின் குடும்பத்துச் சீமாட்டி எழுதிவைத்திருக்கிறார். இளைஞர் அதைச் சன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்த்தாராம். உருவம் மாறி, அளவு குறைந்திருந்தது. பிறகு திரும்பி வந்து, தலைவணங்கி, அரசியார் கையிலேயே வைத்துவிட்டாராம்.